சொரசொரப்பும் காற்றோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றை வேகமாக ஓடவிடும் சோதனைக் குழாயான காற்றுச் சுரங்கத்தில் மாடல்களை நிறுத்தி, விசைகளை அளந்து, மாணவர்களுக்குக் காட்டுவது என் வேலை. கோல்ஃப் பந்தைக் கையில் எடுத்து, பரப்பு சொரசொரப்பாக இருந்தால் காற்று தாமதமாகப் பிரியும் என்று சொன்னாலே போதும், அதே சந்தேகங்கள் வரிசையாக வந்துவிடும். பலமுறை வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முதல் மூன்றையும் படித்துவிட்டு மற்றதற்குப் போனால் சுலபமாகப் புரியும்.

காத்து "பிரியுது"ன்னு சொல்றீங்களே, எதை விட்டுப் பிரியுது?

பொருளின் மேற்பரப்பை விட்டு. ஒரு பந்தின் மேல் காற்று மோதும்போது அதன் முன்பக்கத்தை ஒட்டி வளைந்து, பந்தின் அகலமான இடத்தை நெருங்கும் வரை வேகம் கூடிக்கொண்டே போகும். அதன் பிறகு வேகம் குறைந்து அழுத்தம் ஏறத் தொடங்கும். அதாவது பின்பக்கத்தில் காற்று ஒரு மேட்டை ஏற வேண்டியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கிய வேகத்திலேயே, பெடல் மிதிக்காமல், எதிர் மேட்டில் ஏறும் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். உராய்வே இல்லாவிட்டால் பழைய உயரத்தைத் தொட்டுவிடலாம். உராய்வு இருப்பதால் பாதி மேட்டிலேயே நின்று, பின்னால் உருளத் தொடங்கும்.

பரப்பை ஒட்டியுள்ள மெல்லிய காற்றுக்கு இதேதான் நடக்கிறது. பரப்பைத் தொடும் காற்று நகர்வதே இல்லை. அதிலிருந்து மேலே போகப் போக வேகம் கூடி முழு வேகத்தை எட்டுகிறது. இந்த மெல்லிய பகுதிக்கு எல்லைப்படலம் என்று பெயர். ஜெர்மன் விஞ்ஞானி லுட்விக் பிராண்டில் 1904-இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் முன்வைத்த கருத்து இது. படலத்தின் அடியில் இருக்கும் சோர்ந்த காற்று அழுத்த மேட்டில் ஏற முடியாமல் நின்று, பின்னோக்கித் திரும்பும்போது, மேலே வரும் காற்று பரப்பை விட்டு எழும்பிவிடுகிறது. அதைத்தான் பிரிதல் என்கிறோம்.

பிரிஞ்சா பிரிஞ்சிட்டுப் போகட்டும், அதனால என்ன நஷ்டம்?

பிரிந்த இடத்துக்குப் பின்னால் குழம்பிப் புரளும் ஒரு வால் உருவாகிறது. அங்கே அழுத்தம் குறைவு. முன்னால் அதிக அழுத்தம், பின்னால் குறைந்த அழுத்தம் என்றால் பொருளைப் பின்னால் இழுக்கும் விசை பெரிதாகும். இதை அழுத்த இழுவை என்று சொல்லலாம். பரப்பின் மேல் காற்று உரசுவதால் வரும் உராய்வு இழுவை வேறு. பந்து மாதிரி மொத்தையான பொருள்களுக்குப் பெரும்பங்கு அழுத்த இழுவைதான். இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இறக்கையில் பிரிந்தால் இழுவை கூடுவதோடு தூக்குவிசையும் சரிந்துவிடும். விமானிகள் ஸ்டால் என்று சொல்வது இதை.

வழவழன்னு இருந்தாத்தானே காத்து வழுக்கிட்டுப் போகும்? சொரசொரப்பு எப்படி உதவும்?

கேட்பவர்களின் சந்தேகம் நியாயமானது. எல்லைப்படலத்துக்குள் காற்று இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று, அடுக்கு அடுக்காக, ஒன்றோடொன்று கலக்காமல் போகும் லாமினார் ஓட்டம். மற்றது, மேலும் கீழும் புரண்டு கலந்து போகும் டர்புலண்ட் ஓட்டம். தமிழில் சீரோட்டம், கொந்தளிப்போட்டம் என்று வைத்துக்கொள்வோம். சீரோட்டத்தில் உராய்வு குறைவு, ஆனால் அடியில் இருக்கும் காற்றுக்கு மேலிருந்து உதவி வராது. மேடு வந்ததும் சீக்கிரமே சோர்ந்துபோகும். கொந்தளிப்போட்டத்தில் மேலே வேகமாக ஓடும் காற்று ஓயாமல் அடிக்கு இறங்கி வருகிறது. சைக்கிளை நடுவழியில் யாரோ தள்ளிவிடுகிற மாதிரி. உராய்வு கொஞ்சம் கூடினாலும் மேட்டில் இன்னும் அதிக தூரம் ஏறிவிடும்.

வழவழப்பான பந்தில் சீரோட்டம் முன்முனையிலிருந்து சுமார் 80 டிகிரியிலேயே பிரிந்துவிடும், அதாவது பந்தின் அகலமான இடத்தைக்கூடத் தாண்டுவதில்லை. கொந்தளிப்போட்டம் சுமார் 120 டிகிரி வரை ஒட்டியிருக்கும். வால் ஒடுங்கும், பின்பக்க அழுத்தமும் ஏறும், இழுவை விழுந்துவிடும். சொரசொரப்பின் வேலை இவ்வளவுதான்: சீரோட்டத்தை முன்கூட்டியே கலைத்துவிடுவது.

இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. ஈபிள் கோபுரம் கட்டிய குஸ்தாவ் ஈபிள் 1912-இல் தன் காற்றுச் சுரங்கத்தில் உருண்டைகளின் இழுவையை அளந்தபோது, ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிராண்டிலின் ஆய்வகத்தில் அளந்ததில் பாதிக்கும் குறைவாக வந்தது. கணக்கில் எங்கோ ஒரு 2 விட்டுப்போயிருக்கும் என்று கோட்டிங்கனில் முதலில் நினைத்தார்கள். உண்மையில் ஈபிள் அளந்தது அதிக வேகத்தில். அந்த வேகத்தில் படலம் தானாகவே கொந்தளிப்புக்கு மாறியிருந்தது. 1914-இல் பிராண்டில் இதைச் சோதிக்க, உருண்டையின் நடுவட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு மெல்லிய கம்பி வளையத்தைச் சுற்றினார். குறைந்த வேகத்திலேயே இழுவை விழுந்தது. நான் இன்றும் 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பந்தில் இதைச் செய்துகாட்டுகிறேன். கம்பியைச் சுற்றியதும் தராசின் எண் பாதிக்குக் கீழே இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கோல்ஃப் பந்துல குழி எதுக்கு? மேடு மேடா வெச்சா ஆகாதா?

மேடும் வேலை செய்யும். ரப்பர் போன்ற மரப்பாலில் செய்த பழைய கட்டாபெர்ச்சா பந்துகள் அடிபட்டுக் கீறல் விழுந்த பிறகு நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். அப்புறம் வேண்டுமென்றே கீறினார்கள், மொட்டு மொட்டாக மேடும் வைத்தார்கள். குழி வைத்த பந்துக்கு வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1905-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குழிதான் நிலைத்தது.

காரணம் இருக்கிறது. மணல் ஒட்டிய மாதிரியான சொரசொரப்பு இழுவையைச் சீக்கிரம் விழவைக்கும், ஆனால் வேகம் கூடக்கூட அது மறுபடி ஏறிவிடும். சொரசொரப்பே படலத்தைத் தடிமனாக்கி, பிரியும் இடத்தை முன்னால் இழுத்துவிடுவதுதான் காரணம். குழிகளிலோ, காற்று ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பிரிந்து, அந்தச் சின்ன இடத்தில் கலங்கி, மறுபடி பரப்போடு ஒட்டிக்கொள்கிறது. படலம் அதிகம் தடிப்பதில்லை. அதனால் இழுவை எண் (அளவும் வேகமும் வேறான பொருள்களின் இழுவையை ஒப்பிட உதவும் எண்) 0.5-லிருந்து 0.25 அளவுக்கு இறங்கியபின், பந்து பறக்கும் வேகங்களில் அங்கேயே ஏறக்குறைய நிற்கிறது. ஒரு பந்தில் 300 முதல் 500 குழிகள் வரை இருக்கும். ஆழம் கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

இன்னொன்றும் உண்டு. கோல்ஃப் பந்து பின்சுழற்சியோடு பறக்கிறது. சுழலும் பந்தின் மேலும் கீழும் பிரியும் இடங்கள் வேறுபடுவதால் தூக்குவிசை கிடைக்கிறது. குழிகள் அதற்கும் துணை.

எந்த வேகத்துல இது வேலை செய்யும்? கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். வேகத்தையும் பொருளின் அளவையும் பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுத்தன்மையான 0.000015-ஆல் வகுங்கள். வேகம் நொடிக்கு மீட்டரில், அளவு மீட்டரில். கிடைப்பது ரெனால்ட்ஸ் எண். கோல்ஃப் பந்துக்கு, வேகம் 70, விட்டம் 0.043 என்றால்: 70 × 0.043 ÷ 0.000015, அதாவது சுமார் 2 லட்சம். வழவழப்பான பந்து தானாகக் கொந்தளிப்புக்கு மாற 3 முதல் 4 லட்சம் வேண்டும். குழி வைத்த பந்துக்குச் சுமார் 50 ஆயிரத்திலேயே மாற்றம் தொடங்கிவிடும். ஆக, குழி இல்லாத பந்து பறக்கும் வேகத்தில் எல்லையை எட்டவே எட்டாது. குழி இருந்தால் முழுப் பயணத்திலும் எல்லைக்கு மேலேயே இருக்கும்.

யார் என்னிடம் புதிய பரப்பு வடிவத்தோடு வந்தாலும் நான் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

அப்போ காருக்கும் விமானத்துக்கும் குழி போட்டுட்டா எரிபொருள் மிச்சமாகுமே, ஏன் யாரும் செய்யல?

அதே கணக்கைக் காருக்குப் போடுங்கள். 4 மீட்டர் நீளம், மணிக்கு 100 கிலோமீட்டர்: 70 லட்சத்தைத் தாண்டிவிடும். காரின் எல்லைப்படலம் பெரும்பகுதி ஏற்கெனவே கொந்தளிப்பில்தான் இருக்கிறது. விழித்திருப்பவரை எழுப்புவதில் என்ன பயன்? மேலும் காரின் பின்பக்கத்தில் கூர்மையான விளிம்பு இருந்தால் காற்று அந்த விளிம்பில் பிரிந்தே தீரும். எந்தச் சொரசொரப்பும் அதைத் தள்ளிவைக்காது.

விமான இறக்கையின் கதை வேறு. அது ஏற்கெனவே மெலிந்து நீண்ட வடிவம், சாதாரணப் பறப்பில் காற்று பின்விளிம்பு வரை ஒட்டியே போகும். அழுத்த இழுவை குறைவு, உராய்வு இழுவைதான் அதிகம். அங்கே குழி போட்டால் உராய்வைக் கூட்டுவதுதான் நடக்கும். வடிவத்தின் சக்தி எவ்வளவு என்றால், ஒரு வட்டக் கம்பிக்கும் அதைவிடச் சுமார் பத்து மடங்கு தடிமனான இறக்கை வடிவத்துக்கும் இழுவை ஏறக்குறைய ஒன்றாக வரும். வடிவத்தை மாற்ற முடிந்தால் அதை மாற்றுங்கள். மாற்ற முடியாத பந்து, கை, கால், கயிறு, குழாய் ஆகியவற்றுக்குத்தான் சொரசொரப்பு பெரிய பலன் தரும்.

சைக்கிள் பந்தயக்காரங்க சட்டைக் கையில வரி வரியா இருக்கே, அது அழகுக்கா?

இல்லை, மேலே சொன்ன விஷயம்தான். புஜத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர், வேகம் நொடிக்கு 15 மீட்டர் என்றால் ரெனால்ட்ஸ் எண் 1 லட்சம். வழவழப்பான உருளை தானாக மாற 2 லட்சத்துக்கு மேல் வேண்டும். அந்த இடைவெளியைத்தான் துணியின் வரிகள் நிரப்புகின்றன. கை, தொடை என்று இடத்துக்கு இடம் வரிகள் வேறுபடுவதும் இதனால்தான். மெதுவாக ஓட்டுபவருக்கு அதே சட்டை பயன் தராமல் போகலாம்.

கிரிக்கெட் பந்துல ஸ்விங், ரிவர்ஸ் ஸ்விங் ரெண்டுமே இதுதானா? ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கே?

இரண்டும் இதுவே. தையலைச் சற்றுச் சாய்த்து வீசும்போது ஒரு பக்கத்தில் காற்று தையலில் இடறிக் கொந்தளிப்பாகிறது, தாமதமாகப் பிரிகிறது. மறுபக்கம் வழவழப்பு, சீரோட்டம் சீக்கிரம் பிரிகிறது. வால் ஒரு பக்கமாகச் சாய்கிறது, பந்து எதிர்ப்பக்கம், அதாவது தையல் நோக்கும் பக்கம் நகர்கிறது. ஒரு கம்பி வளையத்தைப் பாதிப் பந்துக்கு மட்டும் சுற்றியது போல.

வேகம் மிகவும் கூடினால் தையலை எட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் கொந்தளிப்பாகிவிடும். இப்போது தையல் உதவியாக இல்லாமல் தடையாகிறது: தன் பக்கத்துப் படலத்தைத் தடிமனாக்கி, சீக்கிரம் பிரியவைக்கிறது. பந்து எதிர்த்திசையில் திரும்புகிறது. புதுப் பந்தில் இதற்கு மிக வேகமான பந்துவீச்சு வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து சொரசொரத்த பழைய பந்தில் இந்த மாற்றம் குறைந்த வேகத்திலேயே வந்துவிடுகிறது. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ரபீந்திர மேத்தா இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். கோல்ஃப் பந்துக் கேள்வியில் மணல் சொரசொரப்பு படலத்தைத் தடிக்கவைக்கும் என்று சொன்னேனே, ரிவர்ஸ் ஸ்விங்கின் வேர் அதுதான்.

2010 உலகக்கோப்பைப் பந்து ஆடி ஆடிப் போச்சே, அது ரொம்ப வழவழப்பா இருந்ததாலயா?

அதுதான் முக்கியக் காரணம். ஜபுலானி என்ற அந்தப் பந்தில் 8 துண்டுகள்தான், தையல் பள்ளங்களின் மொத்த நீளமும் குறைவு. அதனால் சீரோட்டத்திலிருந்து கொந்தளிப்புக்கு மாறும் எல்லை, ஃப்ரீ கிக் அடிக்கும் வேகத்துக்கு மிக அருகில் வந்து விழுந்தது. சுழலாமல் போகும் பந்தின் ஒரு பக்கம் மாறும், மறுபக்கம் மாறாது, அடுத்த கணம் தலைகீழாகும். கோல்கீப்பர்கள் திணறினார்கள். 2014 உலகக்கோப்பைப் பந்தான பிரசூகாவில் துண்டுகள் இன்னும் குறைவு, 6தான். ஆனால் தையல்கள் நீளமாகவும் ஆழமாகவும் இருந்தன, பரப்பிலும் சின்னச் சின்ன மொட்டுகள். எல்லை கீழே இறங்கியது, பந்து ஒழுங்காகப் பறந்தது.

விமான இறக்கை மேல வரிசையா சின்னத் தகடு நட்டிருக்காங்களே, அதுவும் சொரசொரப்பு தானா?

நோக்கம் அதே, முறை வேறு. அவற்றின் பெயர் வோர்டெக்ஸ் ஜெனரேட்டர், சுழல் உண்டாக்கி. 1940-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் உருவானவை. குழியும் மணலும் சீரோட்டத்தைக் கலைக்கின்றன. இந்தத் தகடுகள் ஏற்கெனவே கொந்தளிப்பான படலத்துக்கும் உதவுகின்றன. காற்றுக்குச் சற்றுச் சாய்வாக நிற்கும் ஒவ்வொரு தகட்டின் முனையிலிருந்தும் ஒரு கயிறு போன்ற சுழல் நீண்டு போகும். அது மேலே உள்ள வேகமான காற்றைத் தோண்டி அடியில் கொண்டுவந்து போடும். உயரம் பெரும்பாலும் படலத்தின் தடிமனை ஒட்டியிருக்கும். அதைவிடக் குட்டையான தகடுகளும் உண்டு. காற்றாலை இறக்கையின் அடிப்பகுதியிலும் இவற்றைப் பார்க்கலாம்.

காரில் குழிக்குப் பயனில்லை என்றேன். சுழல் உண்டாக்கிக்குக் கொஞ்சம் பயன் உண்டு, கூரை மெதுவாக வளைந்து இறங்கும் கார் என்றால். மிட்சுபிஷி பொறியாளர்கள் 2004-இல் லேன்சர் எவல்யூஷன் காரின் கூரை முடிவில் இவற்றை வைத்துச் சோதித்தபோது இழுவை எண் 0.006 குறைந்தது. சரியான இடம் கண்டுபிடித்து, சரியான உயரத்தில் வைத்தபிறகு கிடைத்த அளவு அது. கண்ட இடத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் துடுப்பிடம் அதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சுறாத்தோல், திமிங்கிலத் துடுப்புன்னு படிக்கிறேன். எல்லாம் ஒரே தத்துவமா?

மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். விமானங்களில் ஒட்டும் சுறாத்தோல் படலத்தில் ஓட்டத் திசையில் ஓடும் நுண்ணிய வரப்புகள் இருக்கும், உயரம் சுமார் 50 மைக்ரான். ரிப்லெட் என்று பெயர். அவை பிரிதலைத் தடுப்பதற்காக அல்ல. கொந்தளிப்பின் நுண்சுழல்கள் பரப்பைத் தொடாமல் தூக்கிப்பிடித்து, உராய்வைக் குறைக்கின்றன. 2022 முதல் சுவிஸ் விமான நிறுவனத்தின் போயிங் 777 விமானங்களில் பறக்கின்றன. மிச்சம் ஒரு சதவீதம் அளவுக்குத்தான், ஆனால் நெடுந்தூர விமானத்துக்கு அது பெரிது.

உயிருள்ள மாகோ சுறாவிடம் இன்னொரு வித்தை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அதன் விலாப்பக்கச் செதில்கள் 0.2 மில்லிமீட்டர் அளவே இருக்கும், தளர்வாகப் பதிந்திருக்கும். தண்ணீர் பின்னோக்கித் திரும்பத் தொடங்கினால் அதுவே செதில்களை நிமிர்த்திவிடும், 50 டிகிரி வரை. நிமிர்ந்த செதில் திரும்பும் ஓட்டத்தை மறித்துவிடும். முதல் பதிலில் சொன்ன அந்தப் பின்னோட்டத்துக்கே கதவு போட்ட மாதிரி.

கூனல் திமிங்கிலத்தின் துடுப்பு முன்விளிம்பில் இருக்கும் பெரிய மொட்டுகள் மூன்றாவது வகை. அவை சுழல் உண்டாக்கிகளைப் போல நடந்துகொள்கின்றன. 2004-இல் வெளியான காற்றுச் சுரங்கச் சோதனையில், மொட்டுள்ள மாதிரித் துடுப்பு சுமார் 40 சதவீதம் அதிகக் கோணம் வரை ஸ்டால் ஆகாமல் தாங்கியது.

சொரசொரப்பு நல்லதுன்னா, இறக்கை மேல படியற உறைபனியை ஏன் சுரண்டி எடுக்கறாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் முந்தைய பதில்களை நன்றாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். பெரிய விமானத்தின் இறக்கையில் ரெனால்ட்ஸ் எண் கோடிக்கணக்கில் போகும். படலத்தைக் கொந்தளிக்க வைக்கப் பனியின் உதவி தேவையில்லை. பனி செய்வதெல்லாம் படலத்தை முன்விளிம்பிலேயே தடிமனாக்கி, சோர்வடையவைத்து, சீக்கிரம் பிரியவிடுவது. ரிவர்ஸ் ஸ்விங்கில் தையல் செய்யும் அதே கெடுதல். மணல்தாள் அளவுக்குச் சொரசொரத்த பனி தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைக்கும், இழுவையை 40 சதவீதம் வரை கூட்டும். புறப்படும் நேரத்தில் இது உயிருக்கே ஆபத்து.

மாடல் கிளைடர் இறக்கையில மணல்தாள் ஒட்டினோம், முன்னைவிட மோசமாப் பறக்குது. எங்க தப்பு?

நானும் மாணவனாக இருந்தபோது இதையே செய்தேன், இறக்கை முழுவதும் ஒட்டினேன். தப்பு பெரும்பாலும் மூன்றில் ஒன்று: இடம், உயரம், பரப்பளவு. இறக்கை முழுவதும் ஒட்டினால் உராய்வும் எடையும் கூடும், படலம் தடிக்கும். வேண்டியது ஒரே ஒரு கோடு, சீரோட்டம் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால். 10 சென்டிமீட்டர் அகல இறக்கை நொடிக்கு 6 மீட்டரில் போனால் ரெனால்ட்ஸ் எண் 40 ஆயிரம்தான், சீரோட்டம் பிரிந்து குமிழி கட்டுவது அங்கே சகஜம். முன்விளிம்புக்குப் பின்னால் ஒரு நூலை ஒட்டிப் பாருங்கள். பெரிய கிளைடர்களில் இதற்கென்றே வளைந்து வளைந்து வெட்டிய ஜிக்ஜாக் நாடா ஒட்டுகிறார்கள்.

உயரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: தனித்தனித் துகள்களுக்கு, 600-ஐ 0.000015-ஆல் பெருக்கி, துகளின் உச்சியில் காற்றின் வேகத்தால் வகுங்கள். நொடிக்கு 25 மீட்டர் என்றால் 0.36 மில்லிமீட்டர். இதைவிட மிகச் சிறிதானால் காற்று அதைக் கண்டுகொள்ளாது. மிகப் பெரிதானால் அதுவே தனி இழுவையாகிவிடும்.

பிரியுற இடத்தைக் கண்ணால பார்க்க வழி இருக்கா?

மூன்று சென்டிமீட்டர் கம்பளி நூல்கள், ஒட்டும் நாடா. இவ்வளவு போதும். முன்முனையை மட்டும் ஒட்டி, வரிசை வரிசையாக வையுங்கள். காற்று ஒட்டியிருக்கும் இடத்தில் நூல் படிந்து நேராகக் கிடக்கும், லேசாகத் துடிக்கும். பிரிந்த இடத்தில் துள்ளும், சுற்றும், சில நேரம் முன்பக்கமாகவே திரும்பிப் படுத்துக்கொள்ளும். அந்தத் திரும்பிய நூல்தான் பின்னோட்டம். பெரிய பொருள் என்றால் நூல் நல்லது, சின்னப் பந்தில் நூலே படலத்தைக் கலைத்துவிடும். அப்போது வண்ணம் கலந்த எண்ணெயை மெலிதாகப் பூசுங்கள். எண்ணெய் ஓடி நின்று ஒரு கோடாகச் சேரும் இடம்தான் பிரியும் இடம்.

கணினியில சிமுலேஷன் ஓட்டினேன். வழவழப்பான பந்துக்கும் குழி வெச்ச பந்துக்கும் வித்தியாசமே வரல. அப்போ தியரி தப்பா?

தியரி சரி. நீங்கள் தேர்ந்தெடுத்த கொந்தளிப்பு மாடலை, அதாவது கொந்தளிப்பைத் தோராயமாகக் கணக்கிடும் சூத்திரங்களைப் பாருங்கள். வழக்கமாகப் பயன்படும் மாடல்கள் எல்லைப்படலம் தொடக்கத்திலிருந்தே கொந்தளிப்பில் இருப்பதாக எடுத்துக்கொள்பவை. உங்கள் வழவழப்பான பந்துக்கு, உங்களுக்குத் தெரியாமலே, மென்பொருள் ஒரு கம்பி வளையத்தைச் சுற்றிவிட்டது. பிரியும் இடத்தைப் பாருங்கள், 80 டிகிரியை விட்டு நன்றாகப் பின்னால் போயிருக்கும்.

சீரோட்டம் எங்கே மாறுகிறது என்பதையும் கணக்கிடும் டிரான்ஸிஷன் மாடலை எடுங்கள். கால் மில்லிமீட்டர் ஆழக் குழிக்குள் போதுமான வலைக்கட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், பரப்பை ஒட்டிய முதல் கட்டம் இன்னும் மெலிதாக இருக்க வேண்டும். முதலில் குழி இல்லாத பந்தை ரெனால்ட்ஸ் எண் 1 லட்சத்தில் ஓட்டி, இழுவை எண் 0.5-ஐ ஒட்டி வருகிறதா என்று சரிபாருங்கள். அது வந்த பிறகு குழியைச் சேருங்கள்.